ஏரிக்கு ஒரு நாள் போதுமா?

நமது பஞ்சாங்கத்தில் பண்டிகைகளுக்கு எக்காலத்திலும் குறைவு இருந்ததில்லை. போதாக்குறைக்கு, உலகப் பஞ்சாங்கம் என்று ஒன்றும் இப்போது நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பிப்ரவரி 2-ந் தேதி ஈரநில தினம்; மார்ச் 22-ந் தேதி தண்ணீர் தினம்; ஏப்ரல் 22-ந் தேதி பூமி தினம்; ஜூன் 5-ந் தேதி சுற்றுச்சூழல் தினம். இவற்றுக்கெல்லாம் விரதம் இல்லை, எண்ணெய் ஸ்நானம் இல்லை, பட்சணமும் இல்லை. ஆனால் கூட்டம் உண்டு; பிரசங்கம் உண்டு; மரக்கன்று நடுதல் என்ற முக்கியமான சடங்கும் உண்டு.

சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் வசிக்கும் நேயர்கள் இந்த வைபவத்தை ஒரு முறையாவது பார்த்திருப்பார்கள். காலை பத்து மணிக்குப் பந்தல். துணியில் எழுதிய வாசகம். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். அக்கிராசனர் சற்றுத் தாமதமாக வருவார். இயற்கையன்னை ஏன் சீறுகிறாள் என்பதைப் பற்றி இருவர் பேசுவார்கள். பிறகு முன்னமே வெட்டி வைத்த குழியில் ஒரு வேப்பங்கன்றை இறக்கி, பத்துக் கைகள் சேர்ந்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றும். படம் எடுக்கப்படும். வந்தனோபசாரத்துடன் கூட்டம் இனிது முடிவடையும். அந்தக் கன்றின் கதி என்னவாயிற்று என்று அடுத்த வருஷம் கேட்பவர் இல்லை. அதே குழியில் இன்னொரு கன்று வைக்கப்படுவதும் உண்டு.

இதைச் சொல்வது பரிகாசத்திற்காக அன்று. இந்த நாட்கள் வீண் என்பதும் நமது கட்சியன்று. ஒரு நாளைக் குறித்து, பலர் கூடி, ஒரு விஷயத்தைச் சிந்திப்பது நல்ல வழக்கமே. ஜூன் 5-ந் தேதிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1972-ம் வருஷம் அந்தத் தேதியில்தான் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் மனிதச் சூழலைப் பற்றிய ஐக்கிய நாடுகளின் மகாநாடு ஆரம்பமாயிற்று. நம் பிரதமராயிருந்த இந்திரா காந்தி அம்மையார் அங்கே சென்று பேசினார். வறுமையையும் இயற்கையின் அழிவையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாகாது என்பது அவர் பேச்சின் சாரம். அடுத்த வருஷமாகிய 1973 முதல் அந்நாள் உலகெங்கும் கொண்டாடப்பட்டு வருகிறது. மரம் நடும் விழாவோ அதற்கும் மூத்தது. சுதந்திரம் வந்த சில ஆண்டுகளுக்குள், 1950-ல், மத்திய உணவு மந்திரியாயிருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்ஸவத்தைத் தொடங்கி வைத்தார்.

இந்த நாட்களால் பலன் கிட்டியதும் உண்டு. 2018-ம் வருஷம் ஜூன் 5-ந் தேதி தமிழக சட்டசபையில், ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சொன்ன தேதியில் தடையும் வந்தது. இன்றும் கடைத்தெருவில் அந்தப் பைகள் தலைகாட்டுகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஒரு வித்தியாசத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். அன்று சொல்லப்பட்டது பிரசங்கம் அன்று. தேதியும் பொருளும் குறித்த ஒரு வாக்கு. ஆகையால்தான், அது எவ்வளவு தூரம் நிறைவேறிற்று என்று இன்று நாம் கேட்க முடிகிறது. பொதுவாக இயற்கையைக் காப்போம் என்று சொல்லியிருந்தால், யாரை என்னவென்று கேட்பது?

நிற்க. நம் மேற்குப் புறநகரின் விஷயத்துக்கு வருவோம்.

இந்தப் பிரதேசம் முழுவதும் முற்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ஏரிகள் நிறைந்த ஜில்லா என்று அதற்கு எப்போதும் பெயர். இங்கே வற்றாத நதி கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவந்து கொட்டும் மழையை ஏரிகளில் தேக்கி வைத்து, அடுத்த மழை வரையில் சிக்கனமாய்ச் செலவழிப்பதே நம் முன்னோர் கண்ட வழி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லிக்கு அப்பால் கடல்போல் விரிந்த செம்பரம்பாக்கம் ஏரி என்று இப்பகுதியின் வரைபடத்தை விரித்தால் நீலத் திட்டுக்களே கண்ணில் படும். பூவிருந்தவல்லி என்ற பெயரிலேயே பூ இருக்கிறது. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் அது. தண்ணீர் இல்லாமல் பூந்தோட்டம் ஏது?

இந்த ஏரிகள் தனித்தனியானவை அல்ல. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் உபரி நீர் கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்குச் சேர்வது அவ்வகையில்தான். ஒரு குடும்பத்தில் மூத்தவன் உண்டு மீந்ததை இளையவனுக்குக் கொடுப்பதுபோல இதை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் உண்டு. மேல் ஏரியிலோ கால்வாயிலோ கலந்த அழுக்கும் அதே வழியில்தான் கீழ் ஏரிக்குப் போகும்.

1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. நாடு தன் காலில் நிற்பதற்கு இவை அவசியமாயிருந்தன; எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அவற்றைக் குறை சொல்வது நன்றியற்ற செயல். ஆனால் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் வந்த வேகத்தில் பாதாளச் சாக்கடை வரவில்லை. கழிவு நீர் போவதற்கு வழியில்லாதபோது அது தானே வழி தேடிக்கொண்டது. மழை நீருக்காக முன்னோர் வெட்டிய கால்வாயே அதற்கு அகப்பட்ட வழி.

இதன் விளைவு என்ன என்பதை 2019-ம் வருஷம் நமக்கு நன்றாக எடுத்துக் காட்டிற்று. அவ்வருஷக் கோடையில் 364 கோடியே 50 லட்சம் கன அடி கொள்ளக்கூடிய செம்பரம்பாக்கம் ஏரி வெடித்த தரையாய்க் கிடந்தது. ஜூலை மாதம் 12-ந் தேதி ஜோலார்ப்பேட்டையிலிருந்து ஒரு ரயில் புறப்பட்டது. ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரைச் சுமந்துகொண்டு, சுமார் 200 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, அது வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. பெரியோர்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். நகரத்துக்கு அப்போது தினந்தோறும் வழங்கப்பட்டு வந்த ஐம்பது கோடி லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரோடு ஒப்பிட்டால், ஒரு ரயில் கொண்டுவந்தது அரை சதவிகித அளவே.

அந்த ரயில் எந்த வழியாக வந்தது என்பதை நேயர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஆவடியைத் தாண்டி, அம்பத்தூரைத் தாண்டி, பட்டரவாக்கத்தையும் கொரட்டூரையும் தாண்டித்தான் வில்லிவாக்கம் வந்து சேர வேண்டும். காவிரியைச் சுமந்து வந்த வண்டி, நம் ஏரிகளின் ஓரமாகவே ஓடி வந்தது. அந்த ஏரிகள் நல்ல நிலையில் இருந்திருந்தால் ரயிலே வேண்டியிருந்திராது என்று சொல்ல மாட்டோம். அந்த வருஷம் மழையே குறைவு. ஆனால் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் ஏரியில் கழிவு நீரை விட்டுவிட்டு, வேற்றூர்த் தண்ணீருக்கு மாலை போடுவது எவ்வகை விவேகம் என்று கேட்கலாம் அல்லவா?

அதற்கு நான்கு வருஷம் முன்னால், 2015 டிசம்பர் முதல் வாரத்தில், இதே செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட, அடையாற்றின் இரு கரையும் வெள்ளத்தில் மூழ்கின. நான்கு வருஷம் பின்னால், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. வெள்ளமும் வறட்சியும் வேறு வேறு துன்பங்கள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவும். தேங்க வேண்டிய இடத்தில் தேங்காத நீர் வீட்டுக்குள் வருகிறது. கோடையில் கிணற்றில் இல்லாமற் போகிறது.

இந்த விஷயத்தில் கொரட்டூர் மக்கள் செய்த காரியம் பாராட்டத்தக்கது. அங்கே கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்ற பெயரில் ஊரார் ஒன்றுகூடினார்கள். ஒரு நாள் கூடிப் பேசிக் கலைந்துவிடாமல், ஏரியில் கழிவு நீர் எங்கெங்கே வந்து விழுகிறது என்று கரையோரமாக நடந்து பார்த்தார்கள், அதிகாரிகளுக்கு எழுதினார்கள், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு வரையில் வழக்கைக் கொண்டுபோனார்கள். ஏரி இன்னும் பூரண சுகம் பெறவில்லை. ஆனால் அந்த ஏரிக்காகக் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கேட்பாரற்ற சொத்துத்தான் முதலில் களவு போகும் என்பது நாம் அறிந்ததே.

பருத்திப்பட்டு ஏரி வேறொரு பாடத்தைச் சொல்லுகிறது. 2019-ல் அதன் கரையைச் செப்பனிட்டு, நடைபாதை போட்டு, படகு விட்டுப் பூங்காவாக்கினார்கள். மாலை நேரத்தில் குடும்பத்தோடு சென்று காற்று வாங்க ஏற்ற இடம். இது நல்லதே, ஜனங்கள் ஏரிக்கரைக்கு வந்தால்தான் ஏரியின் மீது அபிமானம் உண்டாகும். ஆனால் கரை அழகாயிருப்பதும் நீர் சுத்தமாயிருப்பதும் ஒன்றல்ல. கால்வாய் வழியே வருவது கழிவு நீராயின், கரையில் எத்தனை விளக்குப் போட்டும் பயன் இல்லை. கழிவு நீரிலுள்ள சத்தை உண்டு ஆகாயத்தாமரை கொழுக்கும். அது நீர்ப்பரப்பை மூடி வெயிலைத் தடுக்கும். அழுகும் பொருள்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் மூச்சு முட்டி மிதக்கும். மேலே பச்சைப்பசேல் என்று தெரிவதைப் பார்த்து இயற்கை செழிப்பதாக நினைப்பவர் ஏமாந்து போவார்.

இனி, இதற்கு என்ன செய்வது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லாவிலேயே இருந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுக்களைப் பற்றி நம் வீட்டுக் குழந்தைகள் பாடத்தில் படித்திருப்பார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி வெட்டப்பட்டவை அவை. குடவோலை எடுத்து வாரியங்களைத் தேர்ந்தெடுத்த முறை அவற்றில் விவரமாக இருக்கிறது. சம்வத்ஸர வாரியத்துக்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். ஓர் ஊருக்கு ஏரியைக் கவனிப்பதே வேலையாக ஆறு பேர் இருந்தார்கள் என்பது ஒரு புறம் இருக்கட்டும். அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது!

அந்தச் சபையை அப்படியே புகழ்வதற்கில்லை. அதில் நிலமுடைய ஆடவருக்கு மட்டுமே இடமிருந்தது. பெண்களுக்கு இடமில்லை, ஏரியில் மண் சுமந்தவனுக்கும் இடமில்லை. அக்குறை இன்று நீங்கிவிட்டது. 1993-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினர். தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடி வந்தது. பின்னர் மார்ச் 22-ந் தேதியாகிய தண்ணீர் தினமும், நவம்பர் முதல் தேதியாகிய உள்ளாட்சிகள் தினமும் சேர்க்கப்பட்டன. நகரவாசிகளுக்கு அப்படியொரு சபை இல்லையே என்ற குறைக்கும், 2022-ல் பகுதி சபைகள் என்ற ஏற்பாடு வந்தது. ஆக, கூடுவதற்கு நாளும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இல்லாதது உத்திரமேரூரின் அந்த ஒரு விதிதான். கணக்கு!

இன்னொரு சங்கடமும் உண்டு. அன்று ஏரிக்கு ஒரு வாரியம். இன்று ஓர் ஏரிக்கு நான்கு காரியாலயங்கள். ஏரி நீர்வளத் துறையினுடையது. தெருக் கால்வாய் மாநகராட்சியினுடையது. சாக்கடை குடிநீர் வாரியத்தினுடையது. தொழிற்சாலைக் கழிவைக் கவனிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டினால் மனு கொண்டு போனவர் வட்டமிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆனால் இந்த நான்கு காரியாலயங்களையும் ஒரே மேஜையின் முன் உட்கார வைக்கக்கூடிய இடம் ஒன்று உண்டென்றால், அது ஜனங்கள் கூடும் சபைதான். கூட்டத்தின் பெருமை இதில் இருக்கிறதேயன்றி, வேப்பங்கன்றில் இல்லை.

இப்போது ஜூன் 5-ந் தேதியை வேறு கண்ணோடு பார்ப்போம். அந்தத் தேதி ஸ்டாக்ஹோமில் நிச்சயமானது. அங்கே அது வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் இன்பமான காலம். நமக்கோ அது வைகாசி. கத்திரி வெயில் கழிந்து சில நாட்களே ஆகியிருக்கும். பெருமழைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அப்போது கன்று நட்டால், தினந்தோறும் தண்ணீர் விட யாராவது வாக்குக் கொடுத்தாலன்றி அது பிழைப்பது அரிது. புரட்டாசியில் நட்டால் மழையே வளர்த்துவிடும்.

ஆனால் வைகாசி வேறொரு காரியத்துக்கு மிகவும் ஏற்ற மாதம். ஏரியின் நீர் வடிந்து, கால்வாய்கள் வறண்டு கிடக்கும் காலம் அது. முன்னாளில் ஊரார் கூடிக் குடிமராமத்து என்ற பெயரில் மண் எடுத்து, கரை பலப்படுத்தி, வரத்துக் கால்வாய்களைச் சுத்தம் செய்ததும் இத்தகைய கோடையில்தான். அதோடு நம் காலத்துக்கென்று ஒரு பெரிய அனுகூலமும் அதில் இருக்கிறது. மழை பெய்யாத நாளில் மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் ஓடினால், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அது மழை நீராக இருக்க முடியாது. இதை அறிய ரசாயன சாஸ்திரம் படித்த நிபுணர் வேண்டியதில்லை. பத்து வயதுப் பையன் போதும். ஜூன் 5-ந் தேதி காலையில் வீட்டுக்கு ஒருவராகப் புறப்பட்டு, தத்தம் தெருக் கால்வாயின் ஓரமாக ஏரி வரையில் நடந்து, எந்த இடத்தில் எந்தக் குழாயிலிருந்து நீர் விழுகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வந்தால், அன்றே ஏரியின் வியாதி இன்னதென்று தெரிந்துவிடும். கோடையிலும் வற்றாத ஏரி என்று சிலர் பெருமை கொள்வதுண்டு. வைகாசியில் நம் ஊர் ஏரி தளும்பினால், பெருமைப்படும் முன் அதில் என்ன வந்து சேர்கிறது என்று பார்ப்பது நல்லது.

இப்படியே ஒவ்வொரு தினத்துக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. பிப்ரவரி 2-ந் தேதி ஈரநில தினத்தில் ஏரி நிறைந்து பறவைகள் வந்திருக்கும். குழந்தைகளை அழைத்துச் சென்று எண்ணச் சொல்லலாம். மார்ச் 22-ந் தேதி தண்ணீர் தினத்தில் ஏரியின் மட்டத்தையும், அக்கம்பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் அளந்து எழுதலாம். கோடைக்கு எத்தனை நீர் மிச்சம் என்பது தெரியும். ஜூன் 5-ந் தேதி குழாய்க் கணக்கு. அக்டோபர் 2-ந் தேதி, மழைக்கு முன் கால்வாய்களில் அடைப்பு நீங்கிற்றா, ஜூனில் குறித்த குழாய்களில் எத்தனை மூடப்பட்டன என்ற கேள்வி. நவம்பர் முதல் தேதி மழை உச்சத்தை நெருங்கும்போது கலங்கலும் மதகும் சரியாயிருக்கின்றனவா என்ற பார்வை. வெளிநாட்டார் குறித்த நாட்களும், நம் சர்க்கார் குறித்த நாட்களும் ஏரியின் வருஷத்தோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகின்றன, பாருங்கள்! ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் காரியமாகப் போன கூட்டத்தின் தீர்மானத்தைப் படிக்க வேண்டும். எது நடந்தது, எது நடக்கவில்லை, யார் பொறுப்பு என்று எழுத வேண்டும். பிரசங்கம் அதற்கு அப்புறம், நேரமிருந்தால்.

இதெல்லாம் சர்க்கார் வேலையல்லவா, வரி கொடுக்கிறோமே என்று சிலர் சொல்லலாம். நியாயமான வார்த்தைதான். சாக்கடை போடுவதும், தொழிற்சாலைக் கழிவைத் தடுப்பதும் ஊரார் சேர்ந்து மண்வெட்டியால் செய்யும் காரியமல்ல. அவை சர்க்காரே செய்ய வேண்டியவை. ஆனால் கேளாத கடன் வசூலாவதில்லை என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். சுயராஜ்யம் என்றால் வேலையை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு நாம் தூங்குவது என்று அர்த்தமல்ல. வேலை நடந்ததா என்று கேட்கும் உரிமை நம் கைக்கு வந்தது என்று அர்த்தம். ஆவடிக்கு இதை நினைவூட்ட வேண்டியதே இல்லை. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை அங்கே கூடி, சமதர்ம முறையில் சமுதாயத்தை அமைப்பது என்று தீர்மானம் செய்தது. அந்தத் தீர்மானத்தின் குணதோஷங்களைப் பற்றித் தேசம் அதன் பிறகு பல பத்தாண்டுகள் வாதம் செய்திருக்கிறது. ஒரு கூட்டத்தின் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அவ்வூரே சாட்சி.

நீதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏரியைக் காப்பது என்று புறப்பட்டால், கரையோரத்துக் குடிசைகள்தாம் முதலில் கண்ணில் படும். ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புத்தான். ஆனால் போக்கிடமில்லாமல் கரையில் ஒதுங்கியவனுடைய குடிசையும், நல்ல தெருவில் மாடி வீடு கட்டிக் கழிவு நீரை மட்டும் இரகசியமாகக் கால்வாயில் விட்டவனுடைய குழாயும் ஒரே கணக்கில் எழுதப்பட வேண்டும். குடிசை வெளிப்படையாய்த் தெரிகிறது. குழாய் மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. அதற்காகவே நோட்டுப் புத்தகம் வேண்டும் என்கிறோம்.

இந்தக் கணக்கு நம் வீட்டு வாசலில்தான் ஆரம்பமாக வேண்டும். நம் வீட்டுக் குளியலறை நீர் எங்கே போகிறது? வீட்டைக் கட்டியவர் அதைச் சாக்கடையில் இணைத்தாரா, மழைநீர்க் கால்வாயில் இணைத்தாரா? கழிவுத் தொட்டியை இறைக்க வரும் லாரி, இறைத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? ரசீதை வாங்கிக்கொள்ளும் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோமா? இவற்றைக் குடும்பத் தலைவர்களைவிட நம் வீட்டுப் பெண்மணிகள் திறம்பட விசாரிப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தவர்கள் அவர்களே. மாதாந்திரச் செலவில் தண்ணீருக்கென்று எத்தனை ரூபாய் போகிறது என்று அறிந்தவர்களும் அவர்களே. பகுதி சபையிலும் கிராம சபையிலும் முன்வரிசை அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

நிலைபேறான வளர்ச்சி என்ற சொல் இக்காலத்தில் எல்லா மேடைகளிலும் அடிபடுகிறது. 1987-ல் ஐக்கிய நாடுகளின் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அது உலகப் பிரசித்தி பெற்றது. ஆனால் தஞ்சாவூரில் பிறந்த தமிழர் ஒருவர், ஜே. சி. குமரப்பா, நிலைத்த பொருளாதாரம் என்று பொருள்படும் பெயரில் ஒரு நூலைச் சிறைச்சாலையில் இருந்தபடியே எழுதினார். 1945-ல் அதற்கு மகாத்மா காந்தி முன்னுரை கொடுத்தார். இயற்கை தரும் வட்டியை அனுபவிக்கலாம், முதலைத் தின்னலாகாது என்பதே அதன் உட்கருத்து எனலாம். ஏரிக்கு இது எவ்வளவு பொருத்தம்! வருஷந்தோறும் பெய்யும் மழை வட்டி. ஏரியின் பரப்பும், கால்வாயும், மண்ணின் சுத்தமும் முதல். நாம் சில பத்தாண்டுகளாக வட்டியைக் கடலுக்கு விட்டுவிட்டு, முதலைத் தின்றுகொண்டிருக்கிறோம்.

வருகிற ஜூன் 5-ந் தேதி உங்கள் தெருவில் யாராவது மரக்கன்று நட அழைத்தால் தாராளமாகப் போங்கள். கன்றுக்குத் தண்ணீர் விடுங்கள். அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். வந்தனோபசாரம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும் சமயத்தில், போன வருஷத்துக் கன்று எங்கே என்றும், கால்வாயில் விழும் குழாய்கள் எத்தனை என்றும், அடுத்த கூட்டம் என்றைக்கு என்றும் மூன்று கேள்விகளை மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைத்தால் எழுதிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்பதையும் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். அக்டோபர் 2-ந் தேதிக்கு அது உதவும்.